எரிமலைக் குழம்பு வரப்புப் பார்த்து நின்றதா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறு ஏக்கர் பூமி. மேட்டுப் பக்கம் செவக்காடு, கீழ்ப் பக்கம் கரிசல். ஒரு வியாபாரி வந்து "எரிமலைத் தூள்" என்று 50 கிலோ மூட்டை ஒன்றைக் காட்டியிருக்கிறார். உலகத்தில் வளமான மண் இரண்டே இரண்டு, ஒன்று ஆற்று டெல்டா, இன்னொன்று எரிமலை மண் என்று விளக்கமும் சொன்னாராம். தம்பிக்குச் சந்தேகம்: "நம்ம கரிசலும் எரிமலையில வந்ததுதானுங்களே? காவிரியும் நம்ம வழியாத்தான போகுது? அப்புறம் ஏன் நாம தஞ்சாவூர் மாதிரி இல்ல? அந்தத் தூளை வாங்கலாமுங்களா?"

மூட்டையைக் கடைசியில் பிரிப்போம். முதலில் கரிசல்.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சூலூர்ப் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். பள்ளிப் புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்: "கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானது." பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "ஏனுங்க தம்பி, என்ற தோட்டம் கரிசல். வரப்புத் தாண்டுனா பங்காளி தோட்டம் செவக்காடு. எரிமலைக் குழம்பு வரப்புப் பாத்து நின்னுச்சுங்களா?" கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சிவந்தது. ஆனால் மண்ணைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது கிடையாது.

புத்தகம் சொன்னது பொய்யில்லை, ஊர்தான் வேறு. மகாராஷ்டிரம், மேற்கு மத்தியப் பிரதேசம், குஜராத்தின் ஒரு பகுதி, பெலகாவி வரையிலான வட கர்நாடகம் ஆகியவற்றில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தரை பிளந்து வழிந்த குழம்பு அது. விதர்ப்பத்துப் பருத்திக் கரிசல் அந்தப் பசால்ட் பாறை மக்கியதுதான். அந்தக் குழம்பு தமிழ்நாட்டுக்கு வரவே இல்லை. நம் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் வகைக் கருங்கல். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஊதியூர் மலையானாலும் சென்னிமலையானாலும் அது பழைய பாறையின் எலும்புதான், எரிமலை வாய் அல்ல.

அப்படியானால் கரிசல் எங்கிருந்து வந்தது? பெரியவரின் வரப்பிலேயே விடை இருக்கிறது. நம் ஊர் நிலம் தட்டையாகத் தெரிந்தாலும் மேடு பள்ளமாக அலை அலையாகப் போகிறது. மேட்டில் பாறை மக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், கொஞ்சம் சிலிக்கா (மணலின் மூலப்பொருள்) எல்லாம் மழைநீரில் கரைந்து சரிவில் இறங்கிவிடும். கரையாத இரும்பு அங்கேயே தங்கித் துருவேறும். அந்தச் சிவப்புதான் செவக்காடு. இறங்கின சரக்கு பள்ளத்தில் தேங்குகிறது. தண்ணீர் வடிய வழி குறைவு, மழையோ வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர். வடிந்து கடலுக்குப் போகிற அளவுக்கு நீர் கிடையாது; வெயிலில் ஆவியாகிச் சரக்கை விட்டுவிட்டுப் போகிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் சிலிக்காவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே ஸ்மெக்டைட் என்ற களிமம் உருவாகும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற களி. அதுதான் கரிசல். மிச்சமான சுண்ணாம்பு அடியில் உருண்டு சுக்கான் கல்லாகிறது. கிணறு வெட்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புப் பாறையே இருக்கிறது. 1930-களில் அங்கே சிமெண்டு ஆலை வந்ததும் அதனால்தான்.

ஆக, பெரியவரின் தோட்டமும் பங்காளியின் தோட்டமும் ஒரே தாய்ப்பாறை. அவர் பள்ளத்தில் இருந்தார், பங்காளி மேட்டில் இருந்தார், அவ்வளவுதான். பங்காளி தோட்டத்துச் சுண்ணாம்பை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இவர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு பத்திரமும் இல்லாமல்.

கருப்பாக இருப்பதால் மக்கு, அதாவது மட்கிய தழை, நிறைய என்றும் நினைக்க வேண்டாம். கரிசலைச் சோதித்தால் மக்கின் அளவைக் காட்டுகிற அங்கக கரிமம் அரை சதவீதத்தைத் தாண்டாத தோட்டங்களே அதிகம். கொஞ்சம் மக்கு களிமத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு அத்தனையையும் கருப்பாகக் காட்டுகிறது. ஒரு சொட்டு மை ஒரு செம்புத் தண்ணீரைக் கலக்குகிற மாதிரி.

இதே பாறை வேறு மழையில் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினால் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறினால் போதும். அங்கே வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சுண்ணாம்பு ஒரு துளி தங்காது. மண் புளிப்பு. தேயிலைக்கு அந்தப் புளிப்புப் பிடிக்கும், பருத்திக்குப் பிடிக்காது. நீலகிரி இன்னும் வேடிக்கை. அதன் உயரமான புல்வெளிகளில் மேல்மண் கருப்பாக, பஞ்சு போல லேசாக இருக்கும். மண் ஆய்வாளர்கள் சோதித்தபோது எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு உரிய குணங்கள் அதில் இருந்தன. ஆனால் அங்கே எரிமலையும் இல்லை, சாம்பலும் இல்லை. மக்கி மக்கி மிஞ்சிப்போன அலுமினியமும் இரும்பும், குளிரில் மட்காமல் சேர்ந்த தழையும் கைகோத்து அந்தக் குணத்தைக் கொடுத்திருக்கின்றன. இதை வைத்து நீலகிரி ஒரு எரிமலை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எரிமலை இல்லாத ஊரில் அந்த மண் இருக்கிறது என்பதுதான் செய்தி.

சரி, நிஜ எரிமலை மண்ணுக்கு அப்படி என்ன மகிமை? தமிழில் இங்கே ஒரு சொல் நம்மைக் குழப்புகிறது. எரிமலைச் சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பல் நினைவுக்கு வந்து, "அப்ப சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய இருக்குமே" என்கிறோம். அடுப்புச் சாம்பல் மரம் எரிந்த மிச்சம். மரம் உறிஞ்சி வைத்த சாம்பல் சத்து அதில் இருக்கும். எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து வந்ததல்ல. நொறுங்கிய பாறையும் சட்டென்று உறைந்த கண்ணாடியும்தான். பசால்ட் வகைக் குழம்பில் சாம்பல் சத்து குறைவு, சுண்ணாம்பும் மக்னீசியமும் இரும்பும் அதிகம். தழைச்சத்து (நைட்ரஜன்) சுத்தமாகக் கிடையாது. அது எந்தப் பாறையிலும் பேருக்குத்தான் இருக்கும். காற்றிலிருந்து செடியும் நுண்ணுயிரும் கொண்டுவர வேண்டும்.

மகிமை அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. பளிங்கு போல் கட்டுக்கோப்பாக உறையாததால் சீக்கிரம் கரையும். கருங்கல் விட்டுக்கொடுக்க லட்சம் வருஷம் எடுக்கிற சத்தைச் சாம்பல் ஒரு தலைமுறைக்குள் கொடுக்கத் தொடங்கும். கரைந்து வருகிற அலோஃபேன் என்ற பொருள் தண்ணீரையும் மக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஜாவா தீவில் மெராபி போன்ற மலைகள் அடிக்கடி சாம்பலைத் தூவுகின்றன. அங்கே 15 கோடி மக்கள் வாழ்கிறார்கள், சரிவுகளில் அடுக்கடுக்காக நெல் வயல். பக்கத்திலேயே போர்னியோ, அதைவிடப் பல மடங்கு பெரிய தீவு. எரிமலை இல்லாத, மழை கழுவித் தீர்த்த மண். ஆள் அடர்த்தி சொற்பம்.

ஆனால் அந்த வியாபாரி சொல்லாமல் விட்டது சில உண்டு. சாம்பல் வந்து விழுகிற அன்று அது வளம் அல்ல, நாசம். 1815-இல் சும்பாவா தீவின் தம்போரா வெடித்தபோது வயல்கள் சாம்பலில் புதைந்து, மலை கொன்றதைவிடப் பசி கொன்றதே அதிகம். 1991-இல் பிலிப்பைன்சின் பினாத்துபோ வெடித்த பிறகு வருஷக் கணக்கில் ஒவ்வொரு மழைக்கும் சாம்பல் சேறு இறங்கி வயல்களை மூடியது. அடுத்தது, எரிமலை மண்ணும் கிழடாகும். ஹவாய் இதற்கு நல்ல சாட்சி. ஒரே வகைக் குழம்பு, ஒரே தட்பவெப்பம், வயது மட்டும் 300 ஆண்டிலிருந்து சுமார் 41 லட்சம் ஆண்டு வரை தீவுக்குத் தீவு வேறு. இளம் மண்ணில் மரத்துக்குத் தழைச்சத்துப் பஞ்சம். நடுவயதில் எல்லாம் கிடைக்கிறது. கிழட்டு மண்ணில் மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பஞ்சம். ஆசியாவிலிருந்து கடல் தாண்டிக் காற்றில் வருகிற தூசிதான் அங்கே மணிச்சத்துக்குப் பெரிய வழி என்று கண்டார்கள். எரிமலை மட்டும் போதும் என்றால் ஐஸ்லாந்து உலகத்துக்கே சோறு போட்டிருக்க வேண்டும்.

டெல்டாவுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர் போக வேண்டாம், ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். கால் பாகம் உங்கள் மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். அதன் மேல் மாவு போன்ற வண்டல் படிய சில மணி நேரம். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஆறும் இதைத்தான் செய்கிறது. ஓட்டம் வேகமாக இருக்கும்வரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகும். வேகம் குறையக் குறைய முதலில் மணல், பிறகு வண்டல், கடைசியில் களி என்று இறக்கும். அதனால்தான் ஆற்றங்கரைப் படுகை மணற்பாங்காகவும் கரையைவிட்டு விலகின வயல் களியாகவும் இருக்கிறது.

காவிரி நம் ஊரில் வேகமாக ஓடுகிற ஆறு. மேட்டூர், பவானி, கொடுமுடி என்று பாறையை அறுத்துக்கொண்டு போகிறது. இறக்கி வைக்க நேரமும் இல்லை, பரப்ப இடமும் இல்லை. பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் ஒரு கீற்று போலப் படுகை தருகிறது. அந்தக் கீற்றில்தான் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும். பவானியில் பவானியாறு, கரூருக்கு மேலே நொய்யல், கீழே அமராவதி என்று நம் மேட்டாங்காட்டு மண்ணையும் வாங்கிக்கொண்டு, முக்கொம்பு தாண்டிச் சரிவு தட்டையானதும்தான் அத்தனையையும் இறக்குகிறது. தஞ்சாவூர் வயலில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு, தம்பி. கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

டெல்டாவின் பலமும் இளமைதான். பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறி நின்றது சுமார் 7,000, 8,000 ஆண்டுகளுக்கு முன். உலகத்தின் பெரிய டெல்டாக்கள் எல்லாம் அதன் பிறகு பிறந்தவை. நம் பாறையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. அதோடு வெள்ளம் ஒவ்வொரு முறையும் மேலே ஒரு புதுப் பூச்சுப் பூசிவிட்டுப் போகும்.

எரிமலையும் டெல்டாவும் இரண்டு வேறு கதை என்று வியாபாரி சொன்னாரே, எகிப்தில் அவை ஒன்றாகிவிடுகின்றன. நைல் டெல்டாவுக்கு வண்டல் தந்தது எத்தியோப்பிய மேட்டு நிலம். அது பசால்ட் பாறை, பழைய எரிமலைக் குழம்பு. நீல நைலும் அத்பரா ஆறும் மழைக்காலத்தில் அதை அரித்துக் கொண்டுவந்து எகிப்து வயலில் கொட்டின. எங்கோ ஊற்றின எரிமலை எங்கோ டெல்டாவாக விளைந்தது. 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்ததும் அந்த வண்டல் அணைக்குள்ளேயே நின்றுபோயிற்று. வருஷா வருஷம் இலவசமாக வந்ததற்கு எகிப்து விவசாயி உர மூட்டை வாங்கத் தொடங்கினார், டெல்டாவின் கடலோரமும் அரிக்கத் தொடங்கியது. கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களிலும் தக்காணப் பசால்ட் கலந்திருக்கிறது. காவிரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது தூக்கி வருவது நம் கருங்கல்லின் மாவுதான். மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு அந்த மாவிலும் பெரும்பகுதி அணையிலேயே தங்குகிறது. 2017-இல் அணை வறண்டபோது விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொள்ள அரசே அனுமதித்தது; டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. டெல்டாவுக்குப் போக வேண்டியது ஓமலூர், மேச்சேரிக் காடுகளுக்குப் போயிற்று.

தஞ்சாவூரைப் பார்த்து ஏங்கவும் ஒன்றுமில்லை. அந்தக் களியில் தண்ணீர் வடியாது, ஆகவே நெல்லுக்கு அருமை. மஞ்சள் கிழங்கு அங்கே அழுகும். ஈரோட்டு மஞ்சளுக்கு வேண்டியது நீரும் நிற்க வேண்டும், வடியவும் வேண்டும் என்கிற இரண்டுங்கெட்டான் மண். அது காளிங்கராயன் வாய்க்கால் ஓரம் அமைந்தது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டின 90 கிலோமீட்டர் வாய்க்கால், 15,000 ஏக்கருக்கு மேல் இன்றும் பாய்கிறது.

நம் பக்கத்தில் புது மண் வானத்திலிருந்தும் விழவில்லை, ஆற்றிலும் வரவில்லை. அதனால் கொங்கு நாட்டான் வேறு வழி பார்த்தான். தண்ணீரைவிட ஆட்டை நம்பினான். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு பார்த்திருப்பீர்கள்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். உழுதால் நாலு வருஷத்தில் செத்துப்போகிற சரளை மண்ணை உழாமல் விட்டு, புல்லை ஆடும் மாடும் தின்று, சாணமாகவும் புழுக்கையாகவும் அங்கேயே திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு. வேல மரம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. தோட்டத்துக்காரர்கள் ராத்திரி ஆட்டைத் தங்கள் நிலத்தில் அடைத்துப் பட்டி போடச் சொல்லிக் கூலி கொடுப்பார்கள். எங்க அப்பாரு ராத்திரி படலைப் பிடுங்கி இடம் மாற்றி நடுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு சோளம் விதைத்து முளைத்ததும், பட்டி நின்ற கட்டம் எது, நிற்காத கட்டம் எது என்று பயிரின் பச்சையை வைத்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டி டெல்டா. கொறங்காட்டின் சத்தை வயிற்றில் சுமந்து வந்து இங்கே இறக்கிவைத்தது ஆறு இல்லை, செம்மறி.

இதற்குக் கோயம்புத்தூரிலேயே நூறு வருஷச் சாட்சியும் இருக்கிறது. வேளாண் கல்லூரியில், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், 1909-இல் செம்மண்ணில் ஒரு நிரந்தர உரச் சோதனை தொடங்கினார்கள். இந்தியாவின் மிகப் பழைய சோதனைகளில் ஒன்று, இன்னும் நடக்கிறது. எதுவும் போடாத பாத்தியும் தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தியும் பின்தங்கின. தொழு உரம் வாங்கின பாத்தியும், மூன்று சத்தும் அளவாக வாங்கின பாத்தியும் தாக்குப் பிடித்தன.

கரிசல்காரருக்கு ஒரு எச்சரிக்கை. நம் சுண்ணாம்பு வரமும் வாதையும். கார அமில நிலை (pH) 8-க்கு மேல் போனால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. கரும்பு இளங்குருத்து வெளிறுவதும், நிலக்கடலை மஞ்சளடிப்பதும் பெரும்பாலும் அதுதான். மணிச்சத்தையும் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். எரிமலை மண்ணில் அதே வேலையை அலுமினியம் செய்கிறது. வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் மேட்டு மண் ஒரு பிடி, பள்ளத்து மண் ஒரு பிடி எடுத்து இரண்டிலும் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைக்கிற மண்ணில் சுண்ணாம்பு உண்டு. தம்பி, உங்கள் ஆறு ஏக்கரில் நுரை எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்தால் நிலத்தின் சரிவும் வடிகாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது மூட்டை. உள்ளே இருப்பது பசால்ட் தூளாக இருக்கலாம், இல்லை சியோலைட்டாக இருக்கலாம். தக்காணப் பாறை இடுக்குகளில் சியோலைட் உண்டு, அது சத்தைப் பிடித்து வைக்கிற கனிமம்தான். கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் 50 கிலோ என்பது 18,000-இல் ஒரு பங்கு. சாம்பாரில் ஒரு கடுகு. கரிசலில் அதே வேலையைச் செய்கிற ஸ்மெக்டைட் ஏற்கெனவே லட்சக்கணக்கான கிலோ கிடக்கிறது, அதற்கு விலை கொடுக்கவே வேண்டாம். செவக்காட்டுக்குத்தான் களி குறை. அதற்குப் பக்கத்துக் குளத்து வண்டல் ஏக்கருக்கு 25 டிப்பர் அடித்தால், டிப்பருக்கு 3 டன் என்று வைத்தாலும் 75,000 கிலோ ஆகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு. மண் குணமே மாறும். குளத்துக்குச் சாயக் கழிவோ சாக்கடையோ வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நொய்யல் ஓரத்துக் குளங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கூடை மண்கூட அள்ளக் கூடாது.

மூட்டைப் பணத்தில் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். மேடும் பள்ளமும் தனித்தனி மாதிரி, ஒன்றாகக் கலக்க வேண்டாம். குப்பை கொட்டின இடம், மரத்தடி, வரப்போரம் தவிர்த்து 10, 15 இடங்களில் மேல் குப்பையை விலக்கி, ஆங்கில "வி" எழுத்து மாதிரி அரையடிக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, நாலாகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்துங்கள். தென்னை வைக்கப் போகிற பக்கம் என்றால் மூணடி வரை, அடிக்கு ஒரு மாதிரி. சுக்கான் கல் எத்தனை அடியில் தட்டுகிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பையோடு வையுங்கள். அதை எந்த இயந்திரமும் சொல்லாது, உங்கள் கடப்பாரைதான் சொல்லும்.